துருப்பிடிச்ச ஸ்பிட்ஃபயருக்கு என்ன விலை குடுக்கலாம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், நான் இங்கிலாந்துல கவென்ட்ரில இருக்கேன், வந்து எட்டு வருஷமாச்சு. பக்கத்து வீட்டுல ஒரு வயசான அம்மா தனியா இருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டார். அவரோட கராஜ்ல ஒரு டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500 கார் நிக்குது, 1977 மாடல், ரெண்டே சீட்டு, மடக்குற துணிக்கூரை. 2009லருந்து வெளியவே எடுக்கலையாம். கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் துரு, ஒரு இடத்துல என் விரலே உள்ள போகுது. இன்ஜினை கையால சுத்துனா சுத்துது. 2,500 பவுண்டு சொல்றாங்க. ரெடி பண்ணிட்டா 15,000க்கு அசால்ட்டா போகும்ங்கறான் என் ஃப்ரெண்ட். காயலான் கடைக்குப் போற சாமானுக்கு ரெண்டாயிரத்து ஐநூறான்னு திட்றாங்க வீட்டம்மா. யார் சொல்றது சரி? அந்தம்மாகிட்ட பேரம் பேசவும் ஒரு மாதிரி கூச்சமா இருக்கு.
– பெயர் வேண்டாம், கவென்ட்ரி

பதில்: முக்கால்வாசி உங்க வீட்டம்மா பக்கம்தான் நான். ஃப்ரெண்ட் பக்கம் கொஞ்சம்கூட இல்ல.

நீங்க எந்த ஊர்ல உக்காந்து இந்தக் கேள்விய கேக்கறீங்கன்னு தெரியுதா? இந்த வண்டி பொறந்ததே உங்க ஊர்லதான், கேன்லி தொழிற்சாலைல, 1962லருந்து 1980 ஆகஸ்ட் வரைக்கும். பொறந்த கதையே கொஞ்சம் உங்க கதை மாதிரிதான். இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைஞ்சு குடுத்து முன்மாதிரி வண்டியும் ஒண்ணு செஞ்சாச்சு, ஆனா கம்பெனில காசு இல்ல, அதனால துணியப் போத்தி ஃபேக்டரில ஒரு மூலைல தள்ளிட்டாங்க. 1961ல லேலண்ட் கம்பெனி வந்து மொத்தத்தையும் வாங்குச்சு. வந்தவங்க அந்தத் துணியத் தூக்கிப் பாத்துட்டுதான் அட இத ஏன் செய்யாம வச்சிருக்கீங்கன்னு ஆரம்பிச்சு வச்சாங்க. போர்வையத் தூக்கிப் பாக்கறவனுக்கு உள்ளுக்குள்ள என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா மூணு லட்சத்துக்கு மேல செஞ்ச வண்டிங்க இது, அதுலயும் 1500 கடைசியா வந்தது, நிறைய வந்தது. 1962-64ல வந்த முதல் மாடலுக்கு இருக்கற மவுசு இதுக்குக் கிடையாது. நல்லா ஓடுற, துரு இல்லாத 1500 இங்கிலாந்துல பெரும்பாலும் 10,000 பவுண்டுக்கு உள்ளயே கிடைச்சுடுது. 15,000ங்கறது ஏதோ ஒரு டீலர் பளபளன்னு நிறுத்தி வச்சு கேக்கற விலை, அந்த விலைக்கு வித்துச்சான்னு உங்க ஃப்ரெண்டுகிட்ட கேளுங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் மொதல்ல இன்ஜினத்தான் பாப்பாங்க, சுத்துதா, ஸ்டார்ட் ஆகுதான்னு. எனக்கு அது கடைசி. இந்த இன்ஜின் இங்கிலாந்து பூரா கொட்டிக் கிடக்கு, ஸ்பேரும் எல்லாமே புதுசா கிடைக்குது. காச முழுங்கறது தகரம்தான். அதுவும் எல்லாத் தகரமும் இல்ல, நீங்க விரல விட்டீங்களே அந்த எடம்.

அதுக்குப் பேரு சில். கதவுக்குக் கீழ நீளமா ஒரு பெட்டி மாதிரி ஓடும். நம்மூர்ல ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பாத்திருப்பீங்க, இல்லன்னா அப்பாவக் கேளுங்க. ஸ்பிட்ஃபயர் அந்த ஹெரால்டோட தம்பி. ஹெரால்டு சேஸிய (அடிச்சட்டம்) நீளத்துல குறைச்சு, அதாவது 91.5 இஞ்ச் வீல்பேஸ (முன் பின் சக்கரத்துக்கு நடுவுல உள்ள தூரம்) 83 இஞ்ச் ஆக்கி செஞ்சது. ஹெரால்டுக்கு நடுவுல இருக்கற முதுகெலும்பு போக ரெண்டு பக்கமும் சேஸிலருந்து கை நீட்டி பக்கவாட்டுக் கம்பி இருக்கும், ஸ்பிட்ஃபயர்ல அத எடுத்துட்டாங்க. அப்ப வண்டிய வளையாம தாங்கறது யாரு? இந்த சில்லுதான். பின்சக்கரத்த முன்னாடி பின்னாடி ஆடாம புடிச்சிருக்கற கம்பிகூட சேஸில மாட்டல, சீட்டுக்குப் பின்னாடி தரையிலதான் மாட்டிருக்கு. அதனால இதுல சில் ஓட்டைன்னா அது அழகுப் பிரச்சினை இல்ல, வீட்டுல தூண் அரிச்ச மாதிரி.

நாளைக்குப் போய் இத செய்ங்க. கதவ மெதுவா சாத்திட்டு கதவுக்கும் பின்பக்கத் தகரத்துக்கும் நடுவுல உள்ள இடைவெளியப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும். ஒரே அளவா இருந்தா சந்தோஷம். மேல நெருங்கி கீழ அகண்டு தலைகீழ் வி எழுத்து மாதிரி இருந்துச்சுன்னா வண்டி நடுவுல தொங்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் கதவத் தொறந்து அதோட நுனியப் புடிச்சு மேல தூக்கிப் பாருங்க. கீல் ஆடுச்சுன்னா பரவால்ல, பின்னு தேஞ்சிருக்கும், அது சின்ன வேல. கீல் மாட்டிருக்கற தூணே கூட சேந்து ஆடுச்சுன்னா அது பெரிய வேல. காலடி கார்ப்பெட்ட தூக்குங்க, அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பெடலுக்கு அடில, சீட்டுக்கு அடில, சீட்டுக்குப் பின்னாடி அந்தக் கம்பி மாட்டுற எடத்துல ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரோட பின்பக்கத்தால தட்டிட்டே வாங்க. டங்குன்னு சத்தம் வந்தா தகரம் இருக்கு. டொப்புன்னு அமுங்கின சத்தம் வந்தா அங்க இருக்கறது துரு, இல்லன்னா பட்டி, அதாவது ஓட்டைய மறைக்கப் பூசுற மாவு. டிக்கில ஸ்டெப்னிக்கு அடில, முன் கண்ணாடி ஃப்ரேமோட கீழ் மூலைகள்ல, இங்கல்லாம் தண்ணி நிக்கும்.

இந்த வண்டில ஒரு சந்தோஷமான விஷயம், பானட் மொத்தமா முன்னாடி சாஞ்சு தொறக்கும், மட்கார்டெல்லாம் சேத்து, ஹெரால்டு மாதிரியே. டயர் மேலயே உக்காந்துட்டு எல்லாத்தையும் பாக்கலாம். அந்த பானட்டையே நல்லாப் பாருங்க, குறிப்பா ஹெட்லைட் சுத்தி, சக்கர வளைவு ஓரம். நல்ல ஒரிஜினல் பானட்டுக்கு கிராக்கி அதிகம், அது உருப்படியா இருந்தா உங்க விலைல கொஞ்சம் ஏத்திக் குடுக்கலாம்.

பானட் தொறந்திருக்கும்போதே இன்னொண்ணு. யாரையாவது உள்ள உக்கார வச்சு கிளட்ச்ச அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்க, நீங்க இன்ஜின் முன்னாடி இருக்கற பெல்ட் புல்லிய உத்துப் பாருங்க. கிளட்ச் அமுக்கும்போது புல்லி முன்னாடி பின்னாடி நகருறது கண்ணுக்குத் தெரியுதுன்னா கிராங்க்க (இன்ஜினுக்குள்ள சுத்துற தண்டு) நகராம புடிச்சிருக்கற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு. அது முழுசாத் தேஞ்சு கழண்டு விழுந்தா பிளாக்கே போயிடும். 1500 இன்ஜினுக்கு அடிபேரிங்கும் சீக்கிரம் தேயும், ஆனா அது ஓட்டிப் பாத்தாதான் தெரியும், இப்பத்திக்கு விடுங்க. முன்சக்கரத்துக்கு அடில பித்தளைல ட்ரனியன்னு ஒரு மூட்டு இருக்கும், சக்கரம் திரும்பறது அதுலதான், அதுக்கு ஈ.பி. 90 ஆயில்தான் விடணும். ஆனா பாதிப் பேரு க்ரீஸ் அடிச்சு வச்சிருப்பாங்க, உள்ள இருக்கற இரும்பு துருப்பிடிச்சு ஒரு நாள் ஒடஞ்சு சக்கரம் படுத்துக்கும். எந்தக் கேள்வியும் கேக்காம அத மாத்திடுங்க, அதையும் செலவுல சேத்துக்கோங்க.

கியர்பாக்ஸ்ல ஓவர்டிரைவ் (வேகமா போகும்போது இன்ஜின் மெதுவா சுத்த வைக்கற கூடுதல் கியர்) இருக்கான்னு பாருங்க, கியர் தடி உச்சில ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். இருந்தா நல்ல விஷயம், தனியா வித்தாக்கூட அதுக்கு ஆள் வரும். கம்பெனி போட்ட இரும்புக்கூரை கராஜ் மேல பரண்ல எங்கயாவது கிடக்குதான்னு அந்தம்மாவக் கேளுங்க, பல வீட்டுல அப்படித்தான் கிடக்கும்.

கராஜுக்குள்ள போறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்துட்டு ஒரு வேல பாத்துடலாம். நம்பர் பிளேட் நம்பர அரசாங்க வெப்சைட்ல போட்டா பழைய எம்.ஓ.டி. டெஸ்ட் (வண்டி ரோட்டுல ஓட லாயக்கான்னு வருஷா வருஷம் பாக்கறது) ரிசல்ட் காசில்லாம வரும், 2005லருந்து இருக்கு. இந்த வண்டி 2009 வரைக்கும் ஓடிருக்குன்னா நாலஞ்சு டெஸ்ட் கண்டிப்பா இருக்கணும். அதுல சில்லுல துருன்னு எழுதிருக்கா, எந்த வருஷம் எழுதிருக்கான், அடுத்த வருஷம் அந்த வரி காணாமப் போச்சா, அப்ப நடுவுல யாரோ வெல்டிங் வச்சிருக்காங்க, இல்ல பட்டி பூசிருக்காங்க. ஓடின மைலும் தெரியும். பல சமயம் கராஜ்ல நின்னு பாக்கறதவிட இந்த நாலு வரி அதிகம் சொல்லும்.

இப்ப கணக்கு. ரேட்டெல்லாம் நான் உதாரணத்துக்குப் போடறேன், நீங்க உங்க ஊர் ரேட்ட விசாரிச்சு மாத்திக்கோங்க, ஆனா கணக்குப் போடுற வரிசைய மாத்தாதீங்க. ரெடியான வண்டி விலைலருந்து கீழ வரணும், துருப்பிடிச்ச வண்டி விலைலருந்து மேல போகக்கூடாது. எல்லாரும் தப்புப் பண்றது அங்கதான், 2,500க்கு வாங்கி மேல ஒரு 3,000 போட்டாப் போதும்னு மனசுக்குள்ளயே போட்டுக்குவாங்க. வேல முடிஞ்ச உங்க வண்டி 8,000 பெறும்னு வச்சுக்குவோம். ஒர்க்ஷாப்ல குடுத்து செய்றீங்கன்னா வெல்டிங் மட்டும் 80 மணி நேரம், மணிக்கு 60 பவுண்டு, 4,800 ஆச்சு, 20 சதவீதம் வாட் வரி சேத்தா 5,760. பெயின்ட் 3,500. பிரேக், டயர், பெட்ரோல் டேங்க், ரப்பர் குழாய், ட்ரனியன் எல்லாம் 1,500. சீட்டு, துணிக்கூரை 1,000. மொத்தம் 11,760. அதாவது அந்தம்மா வண்டிய சும்மா குடுத்தாலும் உங்களுக்கு 3,760 நஷ்டம்.

அதே வேலய நீங்களே செஞ்சா? வெல்டிங் தெரியுமான்னு நீங்க எழுதல. தெரியும்னோ, கத்துக்கறேன்னோ வச்சா தகரம், கேஸ், கம்பி எல்லாம் 1,200, பெயின்ட் பாதி வேலய நீங்க செஞ்சு 1,500, மத்த ரெண்டும் அதே 2,500, மொத்தம் 5,200. அது மேல கால் பங்கு, 1,300, தெரியாத ஓட்டைக்குன்னு எடுத்து வைங்க. துரு எப்பவும் கண்ணுக்குத் தெரியறதவிட உள்ளதான் அதிகம். ஆக 6,500. 8,000ல அதக் கழிச்சா 1,500. உங்க ரெண்டு வருஷ சனி ஞாயித்துக்கு சம்பளம் சைபர்னு போட்டு வந்த விலை அது. இதுக்கு மேல ஒரு பவுண்டு குடுத்தாலும் அது ஆசைக்குக் குடுக்கறது, குடுங்க, தப்பே இல்ல, ஆனா முதலீடுன்னு வீட்டுல சொல்லாதீங்க.

அந்தம்மா விஷயம். கூச்சத்துக்கு ஒரு வழிதான், அவங்களையும் கராஜுக்குக் கூட்டிட்டுப் போங்க. டார்ச் அடிச்சு ஓட்டையக் காட்டுங்க, மேல நான் போட்ட கணக்க ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, பசங்க யாராவது இருந்தா அவங்ககிட்டயும் காட்டச் சொல்லுங்க. வேற ஆள் ரெண்டு பேர்கிட்ட விலை கேளுங்கம்மான்னு நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம் 1,500 சொன்னா அது அடிமாட்டு விலை கேக்கறதா இருக்காது. ஒருவேளை இரும்புக்கூரையும் ஓவர்டிரைவும் இருந்து பானட்டும் நல்லா இருந்தா 2,000 வரைக்கும் எனக்கு மனசு வரும்.

காகிதம்: வி5சி, நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி, அதுல இருக்கற சேஸி நம்பரும் வண்டில இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டுதான் காசக் குடுக்கணும். அது வண்டி யாருக்கு சொந்தம்னு காட்டுற பத்திரம் இல்லன்னு அதுலயே எழுதிருக்கும், அதனால விலை போட்டு, தேதி போட்டு, அந்தம்மா கையெழுத்தோட ரசீது வாங்கிக்கோங்க. பெரியவர் பேர்லயே இன்னும் இருந்தா அவர் இறந்தத டி.வி.எல்.ஏ.வுக்கு (நம்மூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மாதிரி) அவங்க தெரியப்படுத்தணும், கூட இருந்து எழுதிக் குடுங்க. ரோட்டுக்கு எடுக்காத வரைக்கும் சார்ன், அதாவது வண்டி ரோட்டுல ஓடலங்கற அறிவிப்பு, போட்டு வைங்க. 40 வருஷம் தாண்டுன வண்டிக்கு ரோடு டாக்ஸும் இல்ல, பெருசா எதையும் மாத்தாம இருந்தா எம்.ஓ.டி.யும் கட்டாயமில்ல. ஆனா வேல முடிஞ்சதும் நீங்களா ஒரு எம்.ஓ.டி. போட்டுடுங்க. நம்ம வெல்டிங்க நாமளே பாத்து நல்லாருக்குன்னு சொல்லிக்கறது செல்லாது.

கேள்வி: அண்ணை, நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன். ஒரு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) பாத்தனான், 1978 மொடல், கறுப்பு ரப்பர் பம்பர். சொந்தக்காரர் வடிவா பெயின்ட் அடிச்சு, கீழயும் புதுசா கறுப்பா ஏதோ பூசி வச்சிருக்கிறார். சாவி திருப்பின உடனை ஸ்டார்ட் வருது. துருவே இல்லை எண்டு சத்தியம் பண்ணுறார். நம்பலாமோ?
– வாசகர், ஸ்கார்பரோ

பதில்: கவென்ட்ரிக்காரரவிட நீங்கதான் ஆபத்துல இருக்கீங்க தம்பி. அவருக்கு ஓட்டை கண்ணுக்குத் தெரியுது.

என் கதைய சொல்றேன். பல வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 4 வாங்கினேன், கீழ இதே மாதிரி புத்தம்புது கறுப்புப் பூச்சு, தொட்டா கையில ஒட்டும். துரு வராம இருக்க அடிச்சேன்னான் வித்தவன். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாசம் கழிச்சு மழைல ஓட்டும்போது காலடில ஈரம். ஒரு இடத்துல சுரண்டினேன். கறுப்புக்கு அடில பட்டி, பட்டிக்கு அடில ஃபைபர் நார், அதுக்கும் உள்ள சுருட்டி வச்ச நியூஸ் பேப்பர். ஈரத்துல ஊறிப் போயிருந்தாலும் ஃபுட்பால் ஸ்கோர் படிக்க முடிஞ்சுது. சில்லுங்கற பேர்ல ஒரு பழைய பேப்பர்க் கட்டு மேலதான் நான் ஒரு மாசமா உக்காந்து ஓட்டிருக்கேன்.

அது பாதிக் கதைதான். ஒரு ஒர்க்ஷாப்ல குடுத்தேன், அவசரமா வேலய ஆரம்பிச்சவன் கதவு வாசல்ல குறுக்க இரும்புக் கம்பி வச்சு டேக் (சின்ன வெல்டிங் பொட்டு) அடிக்காமலே பழைய சில்ல வெட்டி எடுத்துட்டான், ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல. வண்டி நடுவுல லேசா, ஒரு விரக்கடை கூட இருக்காது, இறங்கிடுச்சு. அது மேலயே புது சில்ல வெல்ட் அடிச்சாச்சு. அதுக்கப்புறம் இடது கதவு ஒழுங்கா சாத்தவே இல்ல. சாத்தணும்னா ஒரு கையால தூக்கி இன்னொரு கையால தள்ளணும், என் மாமியார் ஒரு தடவ ஏறிட்டு இனிமே பஸ்லயே வரேன்னுட்டாங்க. யாரு வேல செஞ்சாலும் சரி, மொதல்ல கேளுங்க, கதவு வாசலுக்கு முட்டு குடுத்துட்டுதானே வெட்டுவீங்கன்னு.

எம்.ஜி.பி.ல இது இன்னும் முக்கியம், ஏன்னா அதுக்குத் தனியா சேஸியே கிடையாது, பாடிதான் சேஸி. ஜாக்கி போடறதுக்குன்னு கதவுக்குக் கீழ ஒரு எடம் இருக்கும், அங்க ஜாக்கி வச்சு அந்தப் பக்கத்த தூக்கச் சொல்லுங்க, தூக்கினப்புறம் கதவத் தொறந்து சாத்திப் பாருங்க. கதவு இறுகுச்சுன்னா, இல்ல ஜாக்கியே மொறுமொறுன்னு உள்ள போச்சுன்னா, நன்றி சொல்லிட்டு கிளம்புங்க. ஜாக்கி போட விடமாட்டேன்னு சொன்னாலும் கிளம்புங்க. முன்சக்கரத்துக்குப் பின்னாடி மட்கார்டுக்கு உள்ள சேறு அடைச்சு நிக்கற ஒரு எடம் இருக்கு, டொரன்டோ ரோட்டுல பனிக்குப் போடுற உப்பும் சேறும் சேந்து அங்கதான் உக்காந்திருக்கும். வெளில இருந்து மூடி வச்ச புது சில்லுக்கு உள்ள பழைய அழுகின சில்லு அப்படியே கிடக்கலாம், அதனால சீட்டு பக்கத்துல கார்ப்பெட்ட தூக்கி உள்பக்கமும் பாக்கணும்.

விலைன்னு பாத்தா, 1974 கடைசிலருந்து வந்த ரப்பர் பம்பர் வண்டிக்கு அதுக்கு முன்னாடி வந்த க்ரோம் பம்பர் வண்டி விலை வராது. அமெரிக்கா கனடாக்கு அனுப்பினதுல 1975லருந்து ரெண்டு கார்புரேட்டருக்கு பதிலா ஒரே ஒரு ஸ்ட்ராம்பெர்க்தான் வச்சாங்க, புகைச் சட்டத்துக்காக, அதனால இழுவையும் கம்மி. எம்.ஜி.பி.க்கு உள்ள ஒரே ஆறுதல் முழு பாடியே புதுசா, பழைய அச்சுல அடிச்சு இங்கிலாந்துல 1988லருந்து விக்கறாங்க. அந்த விலைய விசாரிச்சு மனசுல வச்சுக்கோங்க. இந்த வண்டியும் அதோட தகர வேலயும் சேந்து அத நெருங்குதுன்னா நிறுத்திடணும். அந்தக் கறுப்புப் பூச்ச ஒரே ஒரு இடத்துல, உள்ளங்கை அளவுக்கு சுரண்டிப் பாக்கலாமான்னு கேளுங்க. அவர் முகம் போற போக்கப் பாத்தா விலை தெரிஞ்சுடும்.

கேள்வி: காந்தம் வச்சு பட்டி கண்டுபுடிக்கலாம்கறாங்களே, உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: உண்மைதான், ஆனா ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த பெரிய காந்தம் வேண்டாம், அது கனமான பட்டிக்கு மேலயும் ஒட்டிக்கும். ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற சின்ன காந்தம் போதும், பெயின்ட்ல கீறல் விழாம இருக்க மெல்லிசா ஒரு துணி போட்டு இழுத்துட்டே போங்க, திடீர்னு வழுக்கி விழற எடத்துல சாக்பீஸால வட்டம் போடுங்க. ரெண்டு மூணு வட்டம் எல்லா பழைய வண்டிலயும் வரும். சில்லு மேல வந்தாதான் கவலை. ஃபைபர்ல செஞ்ச பானட் போட்டிருந்தா எங்கயுமே ஒட்டாது, பயந்துடாதீங்க.

கேள்வி: ஐயா, எங்க தாத்தாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, நாலு கதவு வச்சது, கோயம்புத்தூர்ல தோட்டத்து சாளைல நிக்குது. ஸ்பிட்ஃபயர் ஹெரால்டோட சொந்தம்னா அதோட ஸ்பேர வாங்கி இத ரெடி பண்ண முடியுங்களா? இதுக்கெல்லாம் விலை இருக்குங்களா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்க கேள்விக்குதாங்க நான் காத்துட்டு இருந்தேன். எங்க அப்பாவும் ஹெரால்டு வச்சிருந்தார், ரெண்டு கதவு. தெருமுனைல ஒரே திருப்புல திருப்பிட்டு பெருமையா எங்களப் பாப்பார், 25 அடிக்குள்ள வட்டமடிக்கும் அது.

வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஃபேக்டரில 1961லருந்து செஞ்சாங்க, 948 சிசி இன்ஜின். இங்கிலாந்துல ஹெரால்டுக்கு அதே வருஷம் 1147 சிசி இன்ஜின் வந்தும் நம்மூர்ல இதுவேதான் ஓடுச்சு. நாலு கதவு ஹெரால்டு உலகத்துலயே நம்மூர்ல மட்டும்தான் செஞ்சது. அதுதான் உங்களுக்கு நல்ல செய்தி, கெட்ட செய்தி ரெண்டும். முன் சஸ்பென்ஷன், ட்ரனியன், பிரேக், இன்ஜின் சாமான்ல பாதிக்கு மேல இங்கிலாந்துல இன்னும் கிடைக்குது, ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் ஓட்டுறவங்க அங்க நிறைய இருக்கறதால. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி உங்க பழைய சாமான கழட்டி அளவெடுத்து, ஃபோட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டுக்கோங்க. ஆனா பின்கதவு, அத சுத்தியுள்ள தகரம், நடுத்தூணு, இதெல்லாம் கவென்ட்ரில போய்த் தேடினாலும் கிடைக்காது, அங்க செஞ்சதே இல்லயே. அதனால நீங்க பாக்க வேண்டிய மொத எடம் பின்கதவோட அடிவிளிம்பு. அது இருந்தா வண்டி இருக்கு.

கணக்கும் இங்க தலைகீழ். இங்கிலாந்துல சாமான் சல்லிசு, கூலிதான் கொல்லும். உங்களுக்கு சாமான் கப்பலேறி கஸ்டம்ஸ் கட்டி வரணும், ஆனா டிங்கரிங் தெரிஞ்ச கை கோயம்புத்தூர்ல உண்டு, தகரத்த சுத்தியலால அடிச்சே கதவோட அடிப்பட்டைய வரவைக்கற பெரியவங்க இன்னும் இருக்காங்க. அதனால மேல 11,760 பவுண்டுன்னு பயமுறுத்துன கணக்க உங்க வண்டிக்கு போடாதீங்க. ஹெரால்டு பாடி துண்டு துண்டா போல்ட் போட்டு சேத்தது, கழட்டி எடுத்து சேஸிய தனியா பாக்கலாம், அந்தப் பக்கவாட்டுக் கை இருக்குன்னு சொன்னேனே, மழைத்தண்ணி அங்கதான் தின்னிருக்கும். அது பாடி மேல கை வைக்காமலே மாத்தக்கூடிய எடம்.

விலைன்னு கேட்டா, ஒரிஜினல் இன்ஜின் இருக்கா, இல்ல தாத்தா மைலேஜ் வேணும்னு வேற இன்ஜின் மாத்திட்டாரான்னு மொதல்ல பாருங்க. ஆர்.சி.ல இருக்கற இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் வண்டில இருக்கறதோட ஒத்துப் போகணும். ரெண்டும் ஒத்துப்போய் ஆர்.சி. கையில இருந்தா, ஓடாத வண்டியா இருந்தாலும் கேக்க ஆள் இருக்கு. ஆர்.சி.யே இல்லன்னா பளபளன்னு இருந்தாலும் யோசிப்பாங்க. 50 வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ்னு தனியா பதிய 2021ல சட்டம் வந்துச்சு, நம்பர்ல வி.ஏ. எழுத்து வரும், புதுசா பதிய 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு. ஆனா அப்படிப் பதிஞ்சா தினசரி ஓட்டக்கூடாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு மட்டும்தான், அதனால தோட்டத்துக்கு போக வர வேணும்னா இருக்கற பதிவையே புதுப்பிக்க முடியுமான்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மொதல்ல கேளுங்க.

சாளைல நிக்குதுன்னு சொன்னீங்க, மண் தரையா சிமென்ட் தரையா? மண் தரைன்னா இன்னைக்கே நாலு பக்கமும் கல்லு வச்சு தூக்கி நிறுத்திட்டு, பானட் தொறந்து எலி கூடு கட்டிருக்கான்னு பாருங்க. பின்கதவு அடிவிளிம்ப ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, கதவ சாத்தி ஒண்ணு, தொறந்து ஒண்ணு.